டிசம்பர் 22 காலை என்ன செய்வது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

டிசம்பர் பிறந்தால் நம் குமரி மாவட்டத்தில் தியானத்தைப் பற்றிய பேச்சு கூடிவிடும். 1892 டிசம்பர் 25, 26, 27 ஆகிய மூன்று நாட்கள் விவேகானந்தர் கடல் நடுப் பாறையில் இருந்ததை ஆண்டுதோறும் நினைக்கிறோம். 2024-இல் ஐ.நா. பொதுச்சபை டிசம்பர் 21-ஐ உலகத் தியான நாளாக அறிவித்ததால் கூட்டுத் தியானத்துக்கும் ஒரு தேதி கிடைத்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் அந்தப் பாறைக்குப் போகும் படகுக்கு வரிசையில் நின்று, தியான மண்டபத்தில் ஐந்து நிமிடம் கண்ணை மூடிவிட்டு, "ஒன்றும் நடக்கவில்லை, இது நமக்குச் சரிப்படாது" என்று திரும்புகிறவர்கள் ஏராளம். அவர்கள் மேல் குறை இல்லை. மறுநாள் வீட்டில் எப்படி உட்காருவது என்று யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. கவனப் பயிற்சி கற்றுத்தருகிறவர்கள் என்ற முறையில் அதை மட்டும் இங்கே எழுதுகிறோம்.

முதலில் நேரம். அதைக் கடிகாரத்தோடு கட்டாமல், தவறாமல் செய்யும் ஒரு வேலையோடு கட்டுங்கள். முற்றம் தூத்து முடித்ததும், அல்லது காலைச் சாயா குடிக்கும் முன். ரப்பர் பால் வெட்டுகிறவர்களுக்கு, வெட்டி முடித்துச் சிரட்டையில் பால் சொட்டி முடியக் காத்திருக்கும் நேரம் இருக்கிறது, அது போதும். சாப்பிட்ட உடனே உட்கார்ந்தால் தூக்கம்தான் வரும், இரண்டு மணி நேரம் போகட்டும். முதல் வாரம் மூன்று நிமிடம், இரண்டாம் வாரம் ஐந்து, பிறகு பத்து. எடுத்ததும் அரைமணி நேரம் என்று தொடங்குகிறவர்களில் பலர் பத்து நாளைத் தாண்டுவதில்லை. லண்டனில் 96 பேரிடம் நடத்தி 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், புதுப் பழக்கம் ஒன்று தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. ஆளைப் பொறுத்து 18 நாளும் ஆனது, 254 நாளும் ஆகும் என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒருநாள் விட்டுப்போனால் பெரிய நஷ்டம் இல்லை என்பதும் அதில் தெரிந்தது. ஆகவே ஒருநாள் தவறிவிட்டதே என்று மொத்தத்தையும் கைவிட வேண்டாம்.

உட்காருவதற்குச் சம்மணம் கட்டாயமில்லை. முட்டுவலி உள்ளவர்கள் நாற்காலியில் முன்பாதியில், சாயாமல், இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதியும்படி உட்காரலாம். தரையில் என்றால் ஒரு போர்வையை மூன்று, நான்கு அங்குல உயரத்துக்கு மடித்து இடுப்புக்குக் கீழே வையுங்கள். இடுப்பு முழங்காலைவிட உயரமாக இல்லாவிட்டால் முதுகு கூனும், ஏழெட்டு நிமிடத்தில் கால் மரத்துவிடும். பலரும் பயிற்சியை விடுவது மனம் அடங்காததால் அல்ல, இந்தக் கால்வலியால்தான். கைகள் தொடைமேல். கண்ணைப் பாதி மூடி நான்கடி தள்ளித் தரையைப் பார்த்தால் போதும். முழுக்க மூடினால் தூங்கிவிடுகிறவர்களுக்கு இதுவே மருந்து. கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும்.

முதல் ஒரு நிமிடம் காதில் விழுவதைக் கேளுங்கள். காக்கை, பக்கத்து வீட்டுக் குழாய், மார்த்தாண்டம் பேருந்தின் ஹாரன், எதுவானாலும் சரி. நல்ல சத்தம், கெட்ட சத்தம் என்று பிரிக்க வேண்டாம். பிறகு மூச்சு. மூக்கு நுனியில் குளிர்ச்சி படும் இடம், அல்லது வயிறு ஏறி இறங்கும் இடம், இரண்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு அந்த வாரம் முழுக்க அதிலேயே நில்லுங்கள். மழைக்காலத்தில் மூக்கடைப்பு இருந்தால் வயிறுதான் வசதி. மூச்சு வெளியே போகும்போது மனதுக்குள் ஒன்று, அடுத்தது வெளியே போகும்போது இரண்டு, இப்படிப் பத்து வரை. பிறகு மறுபடி ஒன்று. வெளிமூச்சில் இதயத்துடிப்பு இயல்பாகவே சற்றுத் தணியும் என்பதால் எண்ணிக்கையை அதில் வைக்கிறோம். பத்து மூச்சுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனாலும் மூன்றோ நான்கோ எண்ணுவதற்குள் மனம் சீட்டுப்பணத்துக்கும் பிள்ளையின் மார்க்குக்கும் ஓடிவிடும். ஓடியதைக் கவனித்தவுடன் ஒன்றிலிருந்து தொடங்குங்கள். கவனித்துத் திரும்பிய அந்த நொடிதான் பயிற்சி. இருபது தடவை ஓடினால் இருபது தடவை பயிற்சி நடந்திருக்கிறது. 2,250 பேரைக் கைப்பேசி மூலம் அவ்வப்போது கேட்டு நடத்திய ஓர் அமெரிக்க ஆய்வில், கேட்ட வேளைகளில் 46.9 விழுக்காட்டில் அவர்கள் மனம் செய்கிற வேலையில் இருக்கவில்லை. எல்லோர் மனமும் அப்படித்தான்.

அடிக்கடி காணும் தவறு, மூச்சை இழுத்துப் பிடித்து நடத்துவது. இது பிராணாயாமம் அல்ல. வேண்டுமென்றே ஆழமாகவும் வேகமாகவும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை கிறுகிறுக்கும், விரல் நுனியும் உதட்டோரமும் மதமதக்கும். அதை ஏதோ சக்தி ஏறுவதாக நினைத்துக்கொள்கிறவர்களும் உண்டு, பயந்து எழுந்துவிடுகிறவர்களும் உண்டு. மூச்சை அதன் போக்கில் விட்டால் சரியாகும்.

உட்காரவே முடியாத நாளில் நடக்கலாம். முற்றத்தில் பத்தடி தூரம், வெறுங்காலோடு, குதிகால் படுவதையும் விரல் எழும்புவதையும் உணர்ந்து போய்த் திரும்புங்கள். தோவாளையில் பூக்கட்டுகிறவர்கள் ஒவ்வொரு முடிச்சிலும் நார் இறுகுவதைக் கவனிக்கலாம். கடற்கரையில் வலை பின்னுகிறவர்களுக்கும் கண்ணிக்குக் கண்ணி அதே வேலைதான். கை பழகிய வேலையில் மனம் இன்னும் வேகமாக ஓடும் என்பதால், ஐந்து நிமிடம் மட்டும் என்று எல்லை வைத்துக்கொள்வது நல்லது.

இனி உள்ளிருந்து வரும் அறிவைப் பற்றி. அய்யா வைகுண்டரின் சாமிதோப்பிலும், நிழல்தாங்கல்கள் எனும் அய்யாவழி வழிபாட்டிடங்களிலும் கண்ணாடியின் முன் நிற்பவருக்குத் தெரிவது அவரவர் முகம்தான். இந்த மண்ணில் வளர்ந்தவர்களுக்கு, பார்க்க வேண்டியது உள்ளே இருக்கிறது என்பதை விளக்க வேண்டியதில்லை. சிக்கல் வேறு இடத்தில். உள்ளே கேட்பதெல்லாம் அறிவு அல்ல; பயமும் ஆசையும் கோபமும் அதே குரலில்தான் பேசுகின்றன. பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. முந்தின இரவு ஒரு நோட்டில் ஒரே கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள். "ஏன் எனக்கு இப்படி" என்று எழுதினால் மனம் புலம்பத் தொடங்கிவிடும். "அண்ணனிடம் இதைப் பேசலாமா" என்பதுபோல் அடுத்த அடியைக் கேட்கும் கேள்வியாக இருக்கட்டும். காலையில் ஏழு நிமிடம் மூச்சோடு இருந்த பிறகு, கேள்வியை ஒரே ஒரு தடவை மனதில் சொல்லிவிட்டு மூச்சுக்குத் திரும்புங்கள். பதிலைத் தேட வேண்டாம். தொண்டை, நெஞ்சு, வயிறு, தோள் எங்கே இறுகுகிறது, எங்கே தளர்கிறது என்று மட்டும் பாருங்கள். முடிந்ததும் ஒரு வரி எழுதி நோட்டை மூடிவிடுங்கள், அன்றே முடிவெடுக்காதீர்கள். நன்றாகத் தூங்கி எழுந்த மூன்று வெவ்வேறு காலைகளில் அதே பதில் வந்தால் அதற்கு மதிப்புக் கொடுக்கலாம். "இப்பவே, இன்றைக்கே" என்று விரட்டுகிற குரலை நாங்கள் நம்பச் சொல்வதில்லை. சண்டை போட்ட இரவிலும் பட்டினி கிடந்த வேளையிலும் வந்த பதில்களை நோட்டில் தனியாகக் குறித்து வைத்தால், ஒரு மாதத்தில் உங்கள் பயம் எந்தச் சொற்களில் பேசும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

தகவல் வேண்டிய இடத்தில் உள்ளுணர்வைக் கேட்கக் கூடாது. மனை வாங்கலாமா என்பதற்கு வில்லங்கச் சான்றும் மூலப்பத்திரமும்தான் பதில் சொல்லும். மாத்திரையை நிறுத்தலாமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். கடலில் நாற்பது வருடம் போனவரின் உள்ளுணர்வு பெரிய சொத்து; ஆனாலும் 2017-இல் ஒக்கியைப் பார்த்த நம் ஊரில், புயல் எச்சரிக்கை வந்தபின் வள்ளம் இறக்கலாமா என்று மனதைக் கேட்பது தகாது.

கண்ணை மூடியதும் பழைய அதிர்ச்சி திரும்பி வந்து நெஞ்சு படபடத்தால் அதை வென்றுகாட்ட முயல வேண்டாம். கண்ணைத் திறந்து, பாதத்தைத் தரையில் அழுத்தி, அறையில் உள்ள ஐந்து பொருட்களின் பெயரைச் சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள். மீண்டும் மீண்டும் அப்படி நடந்தாலோ, தூக்கமே இல்லாமல் போனாலோ, பயிற்சியை நிறுத்திவிட்டு உதவி கேளுங்கள். 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. 47 ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளியான அமெரிக்க மருத்துவ மதிப்பீடு ஒன்று, தியானம் பதற்றத்தையும் மனச்சோர்வையும் வலியையும் மிதமான அளவில் குறைப்பதாகச் சொன்னது. மருந்தையும் உடற்பயிற்சியையும்விட மேலானது என்பதற்குச் சான்று இல்லை என்றும் சொன்னது. இதற்கு மேல் வாக்குக் கொடுத்துப் பணம் கேட்கிறவர்களிடம் எச்சரிக்கை வேண்டும்.

பள்ளி நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள். பிரிட்டனில் 80-க்கும் மேற்பட்ட பள்ளிகளில், 8,000-க்கும் அதிகமான 11 முதல் 13 வயது மாணவர்களிடம் நடத்தி 2022-இல் வெளியான ஆய்வில், எல்லோருக்கும் வகுப்பில் கற்றுக்கொடுத்த கவனப் பயிற்சி வழக்கமான பாடத்தைவிடக் கூடுதல் பலன் தரவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் அதைச் செய்யவே இல்லை. அதனால் டிசம்பர் 21 அன்று பிள்ளைகளை வெயிலில் வரிசையாக உட்காரவைத்து அரைமணி நேரம் கண்ணை மூடச் சொல்ல வேண்டாம். நிழலில் மூன்று நிமிடம் போதும். கண்ணைத் திறந்துவைத்திருக்க விரும்பும் பிள்ளையை அதட்டாதீர்கள். ஆசிரியர்களும் கூடவே உட்காரட்டும்.

தங்கள் நாளிதழ் அந்த நிகழ்ச்சிகளின் படங்களை வெளியிடும்போது, மறுநாள் காலை வீட்டில் எத்தனை நிமிடம், எப்படி உட்கார்ந்து, எதை எண்ணுவது என்ற நான்கு வரிகளையும் படத்துக்குக் கீழே சேர்த்துப் போடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கவனப் பயிற்சி கற்றுத்தருவோர் சிலர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.