கடல் திருப்பிக் கொடுத்த மணல்: தேசியக் காட்டுயிர் வாரியத்தின் நிலைக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிலைக்குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். கிரேட் நிக்கோபார் தீவின் கலாத்தியா விரிகுடாவைப் பற்றி உங்களுக்குப் புதிதாக எடுத்துச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. 1997இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அந்த விரிகுடாவின் காப்பு நிலையை, துறைமுகம் ஒன்று அமைப்பதற்காக நீக்கலாம் என்று 2021 ஜனவரி 5ஆம் நாள் இசைவு தந்தது உங்கள் குழுதான். காட்டுயிர்களைக் காப்பதற்காகவே சட்டத்தால் அமைக்கப்பட்ட ஒரு வாரியத்திடம், அது எழுதிய ஒரு பரிந்துரையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

சென்னைக் கடற்கரையில் ஜனவரி முதல் மார்ச் வரை இரவுகளில் மணலில் நடந்து, பங்குனி ஆமைகள் இட்டுச் சென்ற முட்டைகளைப் பொரிப்பகத்தில் சேர்க்கும் தன்னார்வலர்களில் நானும் ஒருத்தி. தெருவிளக்கின் வெளிச்சம் விழுந்தால் போதும், மணலைவிட்டு மேலே வரும் குஞ்சுகள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாலைப் பக்கம் ஊரத் தொடங்கிவிடும். அவற்றைப் பொறுக்கிக் கூடையில் இட்டு அலையோரம் கொண்டுபோய் விடுகிறோம். எல்லாரும் இதைப் பாராட்டுகிறார்கள். ஆனால், ஏற்கெனவே கைநழுவிப்போன ஒரு கடற்கரையில் நாங்கள் செய்துகொண்டிருப்பது வெறும் ஒட்டுவேலைதான் என்பது எங்களுக்குத் தெரியும். ஒட்டுப்போடத் தேவையில்லாத கடற்கரை ஒன்று உங்கள் பொறுப்பில் இருந்தது. அதை நீங்களே விட்டுக்கொடுத்தீர்கள் என்பதைத்தான் இத்தனை ஆண்டுகளாகியும் என்னால் ஏற்க முடியவில்லை.

கலாத்தியாவுக்கு வருவது ஏழுவரி ஆமை. கெட்டியான ஓட்டுக்குப் பதிலாகத் தோல் போர்த்த முதுகும், அதில் நீளவாக்கில் ஓடும் ஏழு வரிகளும் கொண்ட இந்த விலங்குதான் இன்று உலகில் வாழும் கடலாமைகளிலேயே மிகப் பெரியது. பல நூறு கிலோ எடையை இழுத்துக்கொண்டு கரையேற வேண்டியிருப்பதாலும், மற்ற ஆமைகளுக்குள்ள ஓடு அதற்கு இல்லாததாலும், பாறை குறுக்கிடாத, ஆழ்கடல் நெருங்கிவரும், அகன்ற மணற்கரையையே அது தேடி வருகிறது. அப்படிப்பட்ட கரைகள் இந்த நாட்டில் அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கு வெளியே இல்லையென்றே சொல்லிவிடலாம்.

2004 டிசம்பர் 26 அன்று அந்தக் கரையும் போனது. நிலநடுக்கத்தில் தீவின் தென்முனை நான்கு மீட்டருக்கும் மேல் கீழிறங்க, இந்திரா முனைக் கலங்கரை விளக்கம் கடலுக்குள் நின்றது. ஆமைகள் முட்டையிட்டுவந்த மணல் முழுவதையும் ஆழிப்பேரலை வாரிக்கொண்டு சென்றது. அதன் பிறகு யாரும் லாரியில் மணல் கொட்டவில்லை, யாரும் திட்ட அறிக்கை எழுதவில்லை. கடலே ஆண்டுக்கணக்கில் மணலைக் கொண்டுவந்து சேர்த்துக் கரையை மீண்டும் உருவாக்கியது. ஏழுவரி ஆமைகளும் திரும்பி வந்தன. கடல் திருப்பிக் கொடுத்த அந்த இடத்தில்தான் சரக்குப் பெட்டகங்களை ஒரு கப்பலிலிருந்து இன்னொரு கப்பலுக்கு மாற்றும் துறைமுகம் வரவிருக்கிறது. அலைதடுப்புச் சுவர்களும், தூர்வாரும் கப்பல்களும், இரவு முழுவதும் எரியும் விளக்குகளும் வந்தபின் அந்தக் கரையில் ஆமை ஏறுமா என்பதற்கு நிபுணர் குழு தேவையில்லை. எங்கள் சென்னைக் கடற்கரைக்கு ஒரு நாள் இரவு வந்தால் போதும்.

நீங்கள் இசைவு தந்த சில வாரங்களுக்குள், உங்கள் தலைவர் பொறுப்பு வகிக்கும் அதே சுற்றுச்சூழல் அமைச்சகம் தேசியக் கடலாமைச் செயல்திட்டத்தை வெளியிட்டது. முக்கியமான ஆமை வாழிடங்களின் வரிசையில் கலாத்தியா விரிகுடாவும் அதில் இடம்பெற்றிருந்தது. ஒரு கை எழுதியதை மறு கை படிக்கவில்லையா, அல்லது படித்தும் பொருட்படுத்தவில்லையா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். லிட்டில் நிக்கோபாரில் ஏழுவரி ஆமைக்கென்று வேறொரு சரணாலயம் வருகிறதே என்று சொல்வீர்கள். அங்குள்ள ஆமைகளைக் காப்பது நல்லதுதான். ஆனால், அது கலாத்தியாவுக்கு மாற்று ஆகாது.

கரையை ஒட்டி நிற்கும் காட்டின் கதை இன்னும் வியப்பானது. துறைமுகத்தையும் உள்ளடக்கிய இத்திட்டத்துக்காக ஏறத்தாழ 130 சதுர கிலோமீட்டர் காட்டை மாற்றுப் பயன்பாட்டுக்கு அளிக்க 2022 அக்டோபரில் முதற்கட்ட ஒப்புதல் கிடைத்தது. வெட்டப்படக்கூடிய மரங்கள் 9.64 லட்சம் என்பது அரசே நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்கு. இதற்கு ஈடாக மரம் வளர்க்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாநிலம் ஹரியாணா. ராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி மாநக்கவாரத்தை, அதாவது நிக்கோபாரை, தேன் மிகுந்த பொழில்களின் நாடாகப் போற்றுகிறது. உதிர்ந்த இலை மட்கி, அந்த மட்கை வேர்கள் உடனுக்குடன் உறிஞ்சிக்கொள்ள, ஆண்டின் பெரும்பகுதி மழையில் நனைந்தே வளரும் அந்தப் பொழிலுக்கு, வெயிலில் வெடிக்கும் வடமேற்கு மண்ணில், இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், ஈடு கட்டப்போகிறோம். கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கியவனுக்காவது கையில் ஒரு சித்திரம் இருந்தது.

நாட்டின் பாதுகாப்பு என்ற சொல்லை முன்வைத்து இக்கேள்விகளை மூடிவிட முடியாது. அதே தீவின் கேம்பல் விரிகுடாவில் ஐ.என்.எஸ். பாஸ் கடற்படை விமானத்தளம் 2012 முதல் இயங்குகிறது. அதை யாரும் எதிர்க்கவில்லை. வணிகக் கப்பல்களின் பெட்டகங்களை ஏற்றி இறக்கும் துறைமுகத்துக்கான ஒப்புதல் ஆவணங்களைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டவர்களுக்கும் பாதுகாப்பையே காரணம் காட்டி மறுத்தது எந்த வகையில் நியாயம்? ஆழிப்பேரலையில் ஊரிழந்து, தங்கள் பழைய ஊர்களுக்குத் திரும்ப வேண்டும் என்று கேட்டுவரும் நிக்கோபாரிகளின் பழங்குடி மன்றம், தான் முன்பு தந்த இசைவை 2022 நவம்பரில் திரும்பப் பெற்றுக்கொண்டது. கொடுத்த இசைவைத் திரும்பப் பெறுவது எப்படி என்று அவர்கள் உங்களுக்குக் காட்டிவிட்டார்கள் என்றுகூடத் தோன்றுகிறது.

சற்றுக் கடுமையாக எழுதிவிட்டிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். என் வேண்டுகோள் ஒன்றுதான். உங்கள் அடுத்த அமர்வின் பொருள்நிரலில் கலாத்தியா விரிகுடாவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 2021ஆம் ஆண்டுப் பரிந்துரையை மறு ஆய்வு செய்து திரும்பப் பெறுங்கள். விரிகுடாவை மீண்டும் சரணாலயமாக அறிவிக்குமாறு தீவு நிர்வாகத்துக்கு எழுதுங்கள். முடிவெடுக்கும் முன், முட்டையிடும் பருவமான நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடையே, உறுப்பினர்கள் ஓர் இரவேனும் அந்தக் கரையில் அமர்ந்து பார்க்க வேண்டும் என்றும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். டார்ச் விளக்குகளை மட்டும் கேம்பல் விரிகுடாவிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
சென்னைக் கடற்கரையில் ஆமைகளுக்காக இரவில் நடக்கும் ஒருத்தி