ராத்திரி இரண்டு மணிக்கு யாரைக் கேட்பது?

ஆசிரியருக்கு,

நோயாளிகளின் வாட்ஸ்அப் குழுக்களை வதந்திச் சந்தை என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். என் மகளுக்கு 9 வயது. டைப் 1 சர்க்கரை நோய்; உடம்பில் இன்சுலின் சுரக்காது. தினமும் நான்கு இன்சுலின் ஊசி. டாக்டர் எங்களுக்கு ஒதுக்குவது ஐந்து நிமிடம். அவரைக் குறை சொல்லவில்லை, வெளியே வரிசை அப்படி.

மிச்ச நேரத்துக்கு? ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு சர்க்கரை பார்க்கும் மீட்டர் 58 காட்டியது, இருக்க வேண்டியதைவிடக் குறைவு. குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பார்க்க வேண்டும் என்பது டாக்டர் சொல்லித் தெரியும். அந்தப் பதினைந்து நிமிடமும் என்னோடு விழித்திருந்தது, நான் முகம் பார்த்திராத குழு அக்கா ஒருவர். 94 வந்தது என்று போட்ட பிறகுதான் அவர் தூங்கப் போனார்.

கரன்ட் போனால் இன்சுலினை ஈரமணல் மேல் வைத்த மண்பானைக்குள் வைக்கலாம். பள்ளி டீச்சருக்கு எதை எழுதிக் கொடுக்க வேண்டும். 'பொண்ணாச்சே, வெளியே சொல்லாதே' என்கிற மாமியாருக்கு என்ன பதில். எல்லாம் அங்கே கற்றதுதான்.

பாகற்காய்ச் சாறு குடித்தால் ஊசியை நிறுத்தலாம் என்றும் ஒருவர் போட்டார், இல்லை என்று சொல்லவில்லை. டைப் 1 பிள்ளைக்கு இன்சுலினை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. பத்தே நிமிடத்தில் அம்மாக்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து அவரை ஒரு வழி பண்ணிவிட்டார்கள்.

- ஒரு தாய், தேனி