நாதுலா பயணக் கட்டணம்: கடைசி முறையாக எழுதுகிறேன்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

ஐயா,

வணக்கம். உங்கள் சிக்கிம் பேக்கேஜில் மூன்றாம் நாள் நாதுலா என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கிறீர்கள். சீன எல்லையிலுள்ள அந்த மலைக்கணவாய்க்கென்று தனியாகப் பணம் வாங்கி ரசீதும் கொடுத்தீர்கள். எங்கள் மூன்றாம் நாள் செவ்வாய்க்கிழமை. திங்களும் செவ்வாயும் அங்கே சுற்றுலாப் பயணிகளுக்கு அனுமதி இல்லை என்பது காங்டாக் டீக்கடைக்காரருக்குக்கூடத் தெரிந்திருக்கிறது.

முதலில் பனி என்றீர்கள். பிறகு ராணுவம் பாதையை மூடிவிட்டது என்றீர்கள். இப்போது தலைமை அலுவலகத்தைக் கேளுங்கள் என்கிறீர்கள். தலைமை அலுவலகம் உங்களைக் கைகாட்டுகிறது.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். உங்கள் தொலைபேசி ஊழியர் சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை: "ராணுவம் விடவில்லையென்றால் பணத்தையும் ராணுவத்திடமே போய்க் கேளுங்கள்." என் அப்பா முன்னாள் ராணுவத்தினர், ஐயா. 1980-களில் அந்த 14,140 அடி உயரத்தில், பனியில் நின்று எல்லையைக் காத்தவர். அந்த முள்வேலியைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டவே இவ்வளவு தூரம் வந்தோம். ஸ்பீக்கரில் அவரும் கேட்டுக்கொண்டிருந்தார்.

ராணுவம் எங்கே தடுத்தது? மூன்றாம் மைல் சோதனைச் சாவடியில் காவலர் பெர்மிட்டைப் பிரித்துக் காட்டினார். மூலையில் அப்பாவின் புகைப்படம், பாதி முகத்தின் மேல் முத்திரை. இடங்கள் என்று எழுதியிருந்தவை சாங்கு ஏரி, பாபா மந்திர், அவ்வளவுதான். நாதுலாவுக்கு நீங்கள் விண்ணப்பிக்கவே இல்லை! ஆதார் போதும் என்று சொல்லிவிட்டு, முந்தைய இரவு வாக்காளர் அட்டை கேட்டு எங்களை அலைக்கழித்ததும் இந்தப் பெர்மிட்டுக்குத்தானா?

மூச்சுத்திணறல் உள்ள அப்பாவால் இனி அந்த மலை ஏற முடியாது. லட்சக்கணக்கில் கொடுத்தாலும் இதற்கு ஈடாகாது. ஆகவே நாதுலா கட்டணத்தை மட்டுமல்ல, முழுப் பேக்கேஜ் தொகையையும் திருப்பித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

பதினைந்து நாளில் பணம் வந்துசேர்ந்தால் இத்தோடு விட்டுவிடுவேன். வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவாகும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கும் வரும். பெர்மிட் நகல் சிக்கிம் சுற்றுலாத் துறைக்கும் போகும். அங்கே பதிவு பெற்ற முகவர் மூலம்தான் பெர்மிட் கிடைக்கும் என்பதால், உங்களுக்காக விண்ணப்பித்தவர் யார் என்று அவர்கள் கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

இணைப்பு: ரசீது, பெர்மிட் நகல், பயணத் திட்டம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

பி.கு.: பதில் சொல்ல அழைப்பதானால் தயவுசெய்து அந்த ஊழியரை அழைக்கச் சொல்லாதீர்கள்.