பயத்துக்கும் ஒரு கட்டம் போட்ட அக்காவுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

நேற்று கூடைப்பந்து ஆட்டத்தில் 11 நிமிடம் ஆடினேன். ஒரே ஒரு ரீபவுண்ட்தான் (கூடையில் விழாமல் திரும்பி வரும் பந்து) எடுத்தேன். ஆனால் எழும்பி, பந்தைப் பிடித்து, கீழே இறங்கி, பாஸும் கொடுத்த பிறகுதான் எனக்கு ஒரு முழங்கால் இருப்பதே நினைவுக்கு வந்தது. கண்ணீர் முட்டிக்கொண்டு வந்துவிட்டது. அந்த ஈரம் காய்வதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் இந்த மடல். முழங்காலில் அடிபட்டு விழுந்த நாளும், அறுவை சிகிச்சையும், அதற்குப் பிறகு நடந்ததும் உங்களுக்குத் தெரியும். அதையெல்லாம் திரும்ப எழுத மனம் வரவில்லை.

எங்கள் பிசியோ அக்காவைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

அறுவை சிகிச்சை முடிந்த ஏழாவது மாதம், தசை வலு, ஒற்றைக்கால் தாண்டல் எல்லாவற்றிலும் அடிபட்ட கால் நல்ல காலின் 90 சதவீதத்தைத் தொட்டுவிட்டது. எல்லோரும் கைதட்டினீர்கள். "அப்புறம் என்ன, எப்போ ஆட வர்றே?" என்றும் கேட்டீர்கள். அன்பாகத்தான் கேட்டீர்கள். ஆனால் 30 சென்டிமீட்டர் பெட்டி மேல் ஏறி நின்றால் கீழே குதிக்க என்னால் முடியவில்லை. உள்ளங்கை வேர்த்துவிடும். தூக்கம் சரியில்லை, தலைவலி என்று மூன்று நாள் சாக்குச் சொன்னேன்.

நான்காம் நாள் அக்கா தைரியம் சொல்ல வரவில்லை. என்னை உட்காரச் சொல்லி, அதே பெட்டியில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "பயம் பத்துக்கு எத்தனை?" என்று கேட்டார். எட்டு என்றேன். என் நோட்டை எடுத்தார். மூட்டு மடங்கும் கோணம், வீக்கம், வலி என்று கட்டம் போட்டிருந்த பக்கத்தில் ஸ்கேலை வைத்து இன்னொரு கோடு இழுத்தார். மேலே 'பயம்' என்று எழுதி, கீழே 8 போட்டார். "வீக்கம் இருந்தா ஐஸ் வைக்கிறோம்ல? இதையும் பார்த்துக்கலாம்" என்றார்.

பிறகு பெட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு, தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். அன்றைக்கு அதைத் தாண்டினால் போதும். அடுத்த வாரம் மடித்த துண்டு. பெட்டி திரும்பி வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. சில நாள் 5 வரை இறங்கிய எண் மறுபடி 7 ஆகும். முகம் மாறாமல் அதையும் எழுதிக்கொள்வார்.

அதுவரை அதைக் கோழைத்தனம் என்று நினைத்து வீட்டில்கூட மறைத்து வைத்திருந்தேன். அக்கா சொல்லித்தான் விளையாட்டு உளவியலாளரைப் பார்த்தேன். என்னைப் போல ஏசிஎல் (முழங்காலுக்குள் இருக்கும் ஒரு தசைநார்) அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கென்றே 12 கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தைக் கொடுத்தார். மறுபடி அடிபடுமோ என்ற பயம் இருக்கிறதா, ஆடும்போது மூட்டு நழுவாது என்று நம்புகிறாயா என்றெல்லாம் கேள்விகள். எனக்கு முன்னால் எத்தனையோ பேர் இதே இடத்தில் நின்றிருக்கிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2014இல் வந்த ஒரு தொகுப்பாய்வையும் சொன்னார்: இந்த அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் 81 சதவீதம் பேர் ஏதோ ஒரு விளையாட்டுக்குத் திரும்பினார்களாம், போட்டிகளுக்குத் திரும்பியவர்கள் 55 சதவீதம்தானாம். மீதிப் பேரில் எத்தனை பேருக்குக் கால் சரியாகியும் பயத்தை யாரும் கேட்காமலே போயிருக்கும்? அன்றிரவு முழுக்க இதே யோசனை.

அறுவை சிகிச்சை செய்த டாக்டர், ராத்திரியெல்லாம் விழித்திருந்த அம்மா, ஆட முடியாதபோதும் ஒரு மீட்டிங் விடாமல் கூப்பிட்ட கோச், ஸ்கோர் எழுதும் வேலையைக் கொடுத்து என்னை பெஞ்சிலேயே வைத்திருந்த டீம், தினமும் மெசேஜ் அனுப்பியவர்கள், எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஒருவரையும் மறக்கமாட்டேன்.

இனி எங்கள் டீமில் யாருக்கு அடிபட்டாலும், "எப்போ வர்றே?" என்று நான் கேட்கமாட்டேன். பக்கத்தில் போய் உட்கார்ந்து, "பயம் பத்துக்கு எத்தனை?" என்றுதான் கேட்பேன்.

நேற்று ஆட்டம் முடிந்ததும் அக்கா நோட்டை நீட்டி, என்னையே எழுதச் சொன்னார். 3 என்று எழுதினேன். வியாழக்கிழமை வருகிறேன், அக்கா.