கிளிவிட்சே மரக் கோபுரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

இரண்டாம் உலகப் போர் 1939 செப்டம்பர் 1 அன்று தொடங்கியதாக நம் பாடநூல்கள் கூறுகின்றன. அதற்கு முந்தைய இரவில் ஒரு வானொலி நிலையத்தில் நடந்ததை நம்மில் பலர் அறிந்ததில்லை.

இன்று போலந்திலும் அன்று ஜெர்மனியின் எல்லையிலும் இருந்த கிளிவிட்சே நகரில், லார்ச் மரத்தால் கட்டி, ஆணி அடிக்காமல் பித்தளைத் திருகாணிகளால் இணைத்த, ஏறத்தாழ 111 மீட்டர் உயர வானொலி நிலையக் கோபுரம் 1935 முதல் நிற்கிறது. ஆகஸ்ட் 31 இரவு, நாஜிப் படைப்பிரிவான எஸ்.எஸ். அமைப்பைச் சேர்ந்த ஆல்பிரட் நவ்யாக்ஸ் தலைமையிலான சிறு குழு, போலந்தே ஜெர்மனியைத் தாக்கியதாகக் காட்டுவதற்காக, போலந்துக்காரர்களைப் போல் நடித்து அந்நிலையத்தைக் கைப்பற்றி, போலிஷ் மொழியில் சில சொற்களை ஒலிபரப்பியது. அந்த நிலையம் பிரெஸ்லாவ் நகர வானொலியின் நிகழ்ச்சிகளை மறு ஒலிபரப்புச் செய்யும் இடமாக மட்டுமே இருந்ததால், ஒலிவாங்கிக்கே அவர்கள் திண்டாடினர் என்பது கசப்பான வேடிக்கை.

வேடிக்கை அத்துடன் முடிந்தது. போலந்து ஆதரவாளரான பிரான்சிஸெக் ஹோனியோக் என்ற அப்பாவியை முன்கூட்டியே கைது செய்து, மயக்கமருந்து கொடுத்துக் கொண்டுவந்து, தாக்குதலில் இறந்தவராகக் காட்டுவதற்காகக் கொன்றனர். மறுநாள் விடியலில் ஜெர்மானியப் படைகள் போலந்துக்குள் நுழைந்தன. இந்த நாடகத்தை நவ்யாக்ஸே பின்னர் நியூரம்பர்க் போர்க்குற்ற விசாரணைக்கு அளித்த வாக்குமூலத்தில் விவரித்தார்.

கோபுரம் இப்போது அருங்காட்சியக வளாகத்தில் இருக்கிறது. அடுத்த செப்டம்பர் 1 அன்று போரின் தொடக்கம் பற்றித் தங்கள் நாளிதழ் எழுதும்போது, ஹோனியோக்கின் பெயரையும் ஒரு வரியில் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்