தொண்டைக்குக் கீழே இருந்த முடிச்சு

ஆசிரியருக்கு,

உங்கள் நலவாழ்வுப் பக்கத்தை விடாமல் வாசிக்கிறேன். மன அழுத்தம் பற்றி நிறைய வருகிறது, நல்லதுதான். ஆனால் ஒரு முடிவெடுக்க முடியாமல் தவிக்கும்போது உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் நின்று கவனிப்பதைப் பற்றி யாரும் எழுதியதாக நினைவில்லை.

போன வருஷம் மார்த்தாண்டம் பக்கம் உள்ள எங்கள் ரப்பர் விளையை, அதாவது தோட்டத்தை, விற்க அண்ணனும் நானும் பேசி முடித்தோம். கணக்குப் பார்த்தால் எல்லாம் சரி, பால் வெட்ட ஆள் கிடைப்பதில்லை, மழை பிடித்தால் வெட்டே நடக்காது, விலையும் நிலையாக நிற்பதில்லை. ஆனாலும் அட்வான்ஸ் வாங்கும் நாள் நெருங்க நெருங்க எனக்குத் தொண்டைக்குக் கீழே முடிச்சுப் போட்ட மாதிரி ஒரு இறுக்கம், சாப்பிட்டாலும் போகாது, படுத்தாலும் போகாது. ஒரு சாயங்காலம் வராந்தாவில் தனியாக உட்கார்ந்து அதனிடமே கேட்டேன். நிலத்தை விட மனசில்லையா? அசையவில்லை. விலை குறைவோ? அதுவும் இல்லை. அப்புறம் எதுவும் கேட்காமல் சும்மா இருந்தேன். ரொம்ப நேரம் கழித்து "தங்கச்சிகிட்ட சொல்லல" என்று உள்ளே வந்தது, வந்த மாத்திரத்தில் ஒரு பெருமூச்சு, தொண்டை இளகிவிட்டது. அம்மை எங்கள் இரண்டு பேர் பேரில் எழுதிவைத்த விளை அது. தங்கச்சிக்குத்தான் சீதனம் கொடுத்தாச்சே என்று நாங்களே தீர்த்துவிட்டிருந்தோம். அன்று ராத்திரியே போன் பண்ணினேன். விளையை விற்றோம், பணம் மூன்றாகப் பிரிந்தது.

இதை முறையாகச் சொல்லிக்கொடுத்தவர் சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்த யூஜின் ஜென்ட்லின் என்ற உளவியலாளர். மன ஆலோசனைக்கு வந்தவர்களின் ஒலிப்பதிவுகளை அவரும் உடன் வேலை செய்தவர்களும் கேட்டுப் பார்த்தபோது, பேச்சின் நடுவே நிறுத்தி, உள்ளே தொட்டுப் பார்த்து, சொல் தேடியவர்களுக்குத்தான் பலன் அதிகம் என்று கண்டார்கள். 1978-ல் அதை எல்லாருக்கும் புரிகிற மாதிரி நூலாக எழுதினார். சரியான சொல் அகப்பட்டால் உடம்பு தளரும், தப்பான சொல்லுக்கு அது அசையாது, அவ்வளவுதான் அடையாளம்.

இதைக் கண் துடிப்பதோடும் பல்லி சொல்வதோடும் சேர்த்துவிடக் கூடாது. அங்கே பலன் முன்கூட்டியே எழுதியிருக்கும். இங்கே என் இறுக்கத்துக்கு என்ன அர்த்தம் என்பதை நான்தான் பொறுமையாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய பயமும் இதே மாதிரி வயிற்றைப் பிசையும், அதனால் வந்த பதிலை உடனே தீர்ப்பாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. அப்புறம் ஒன்று, நெஞ்சு அடைத்து, வேர்த்து, இடது கை வலித்தால் வராந்தாவில் உட்கார்ந்து கேள்வி கேட்காதீர்கள், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

"மனசு ஒப்பல" என்று நம் வீடுகளில் தினமும் சொல்கிறோம், ஆனால் எது ஒப்பவில்லை என்று கேட்க ஐந்து நிமிஷம் கொடுப்பதில்லை. பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர் யாரையாவது வைத்து, இதை வீட்டில் எப்படிச் செய்வது, எப்போது செய்யக் கூடாது என்று நாலைந்து வாரம் எழுத வையுங்கள். எங்கள் ஊர் வாசகசாலையில் சத்தமாக வாசித்துக்காட்ட நான் இருக்கிறேன்.

ஒரு வாசகி,
தக்கலை