கியர் பாக்ஸை இறக்கும் முன்

அன்பு மச்சான்,

உன் கடிதமும் காரின் படங்களும் வந்து சேர்ந்தன. வீட்டில் எல்லோரும் நலம். அம்மா உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னார். 1991ஆம் வருட மாஸ்டா எம்எக்ஸ்-5, அதுவும் 1.6 லிட்டர் எஞ்சின், இங்கிலாந்தின் உப்புச் சாலைகளில் ஓடியும் கதவுக்குக் கீழே துரு பிடிக்காமல் கிடைத்திருக்கிறது. நல்ல வண்டி, விட்டுவிடாதே.

கியர் இறுக்கமாக விழுகிறது என்றதும் கராஜில் கிளட்ச் செட் முழுவதையும் மாற்றச் சொன்னதாக எழுதியிருக்கிறாய். கொஞ்சம் பொறு. எஞ்சினையும் கியர் பாக்ஸையும் சேர்த்துப் பிடிக்கும் கிளட்ச் பிளேட் தேய்ந்தால் கிளட்ச் வழுக்கும். நாலாவது கியரில் 50 கி.மீ. வேகத்தில் போகும்போது ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துப் பார். ஆர்பிஎம் முள் சட்டென்று ஏறி, வண்டி வேகம் எடுக்காமல் நின்றால் பிளேட் போய்விட்டது என்று ஒப்புக்கொள்ளலாம். கியர் இறுகுவது பெரும்பாலும் இதற்கு நேர் எதிரான கோளாறு. பெடலை அடிவரை மிதித்தும் கிளட்ச் முழுதாக விடுபடாததால் எஞ்சினின் சுழற்சி கியர் பாக்ஸுக்குள் போய்க்கொண்டே இருக்கிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு தேவையில்லாமல் இறக்கப்பட்ட கியர் பாக்ஸ்கள் ஏராளம்.

முதலில் எஞ்சினை அணைத்துவிட்டு எல்லாக் கியரையும் போட்டுப் பார். அப்போதும் இறுக்கம் இருந்தால் கிளட்ச்சை மறந்துவிடு, லீவரின் அடியில் பார்க்க வேண்டும். அணைத்திருக்கும்போது லேசாக விழுந்து, ஓடும்போது மட்டும் இறுகினால் கிளட்ச் விடுபடவில்லை. அதை உறுதி செய்ய, வண்டி நிற்க எஞ்சின் மட்டும் ஐடிலில் ஓடும்போது பெடலை முழுக்க மிதித்து ஐந்து விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடு. கரகரவென்று உறுமினால் சந்தேகமே வேண்டாம். பெடலை நாலு தடவை வேகமாக அடித்தபின் கியர் எளிதாக விழுகிறதா? அப்படியென்றால் பெடலின் அழுத்தத்தைக் கிளட்ச்சுக்குக் கொண்டுபோகும் ஆயில் லைனில் காற்று இருக்கிறது, அல்லது ஏதோ ஒரு சீல் ஒழுகுகிறது.

இந்த வண்டியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஸ்லேவ் சிலிண்டர், அதாவது ஆயில் அழுத்தத்தால் கிளட்ச்சை விடுவிக்கும் சின்ன சிலிண்டர். கியர் பாக்ஸின் வலது பக்கம், கிளட்ச்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கில் இரண்டு போல்ட்டில் நிற்கும். அதன் ரப்பர் உறையை (பூட்) விரலால் விலக்கிப் பார். உள்ளே ஈரம் இருந்தால் சீல் போய்விட்டது. பிறகு ஒருவரைப் பெடலை மிதிக்கச் சொல்லி, கிளட்ச்சை விடுவிக்கும் நெம்புகோலை (ஃபோர்க்) தள்ளும் கம்பி எவ்வளவு நகர்கிறது என்று ஸ்கேல் வைத்து அள. சுமார் 12 மி.மீ. நகர வேண்டும். அதற்கு நன்றாகக் குறைந்தால் ஹைட்ராலிக்கில்தான் கோளாறு. பெடல் நேராகத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் ஒழுகினால் பெடலுக்கு மேலே, காருக்குள் இருக்கும் தள்ளு கம்பியில் பிரேக் ஆயில் கசிந்திருக்கும். கார்பெட்டைத் தூக்கிப் பார்க்க மறக்காதே. கிளட்ச்சுக்குத் தனியாக இருக்கும் சின்ன டப்பாவில் ஆயில் கறுப்பாக இருந்தால் ரப்பர் கரைகிறது என்று பொருள்.

மாற்றுவதானால் ஸ்லேவையும் மாஸ்டரையும் சேர்த்தே மாற்று. புது ஸ்லேவ் போட்டதும் பழைய மாஸ்டர் கைவிடுவது வழக்கமாக நடப்பதுதான். லைனில் சிக்கிய காற்றை வெளியேற்ற டாட் 4 பிரேக் ஆயில் கால் லிட்டர் தாராளமாகப் போதும். ஆயில் பெயிண்டில் பட்டால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவு. மாஸ்டரின் கம்பியைச் சரிசெய்யும்போது பெடலில் துளி தளர்ச்சி விட்டுவை. தளர்ச்சியே இல்லாவிட்டால் ஆயில் டப்பாவுக்குத் திரும்ப வழியில்லாமல் அழுத்தம் லைனிலேயே தங்கும். பிறகு நல்ல பிளேட்டும் வழுக்கித் தேயும்.

எஞ்சின் அணைந்தும் இறுக்கம் என்றால் நடுக் கன்சோலைக் கழற்று. மேல் உறைக்குக் கீழே சின்ன ரப்பர் பூட் ஒன்று உண்டு, முப்பது வருடத்தில் அது கிழியாமல் இருப்பது அபூர்வம். லீவரைப் பிடித்திருக்கும் மூன்று போல்ட்டை எடுத்தால் லீவர் மேலே வந்துவிடும். அதன் நுனியில் உள்ள நைலான் புஷ் தேய்ந்திருக்கும். லீவர் அமரும் குழிக்குத் தனி ஆயில், 80 மி.லி. அளவுக்கு. கியர் பாக்ஸ் ஆயில் அங்கே ஏறி வராது. வறண்டு கிடந்தால் லீவர் மணலில் நகர்வதுபோல் இருக்கும். பூட், புஷ், ஆயில் மூன்றுக்கும் ஆகும் செலவு சொற்பம், கிடைக்கும் வித்தியாசம் பெரிது.

கியர் பாக்ஸ் ஆயிலையும் மாற்றிவிடு. 75டபிள்யூ-90, 2 லிட்டர். ஜிஎல்-5 தரத்து ஆயிலும் போடலாம் என்று மேனுவலில் இருந்தாலும் என் தேர்வு ஜிஎல்-4தான். கியர் போடும்போது சுழற்சியைச் சமன் செய்யும் சிங்க்ரோ ரிங் பிடிக்க உராய்வு வேண்டும், அதிக வழுவழுப்பு அதற்கு ஆகாது. ஆயில் ஊற்றும் மேல் பிளக் கழல்கிறதா என்று பார்த்த பிறகே அடிப் பிளக்கைத் திற. மேல் பிளக் இறுகிப்போய் உள்ளே ஆயில் இல்லாமல் வண்டி நிற்கும் அவஸ்தை உனக்கு வேண்டாம்.

குளிர் காலையில் முதல் சில கிலோமீட்டருக்கு இரண்டாவது கியர் முரண்டு பிடிப்பது இந்தப் பெட்டியின் சுபாவம். சூடான பிறகும் இரண்டில் உறுமினால், நியூட்ரலில் ஒருமுறை கிளட்ச்சை விட்டு, மறுபடி மிதித்துப் போடு. உறுமல் போனால் சிங்க்ரோ தேய்ந்திருக்கிறது.

இவ்வளவும் சரியாக இருந்து, கம்பியும் முழுசாக நகர்ந்து, கியர் மட்டும் விழவில்லை என்றால்தான் உள்ளே கை வைக்க வேண்டும். வளைந்த பிளேட், பிளேட் நகரும் ஸ்ப்லைன் பற்களில் துரு, கியர் பாக்ஸ் தண்டின் நுனியைத் தாங்கும் பைலட் பேரிங் சிக்கியது, இவற்றில் ஒன்றாக இருக்கும். கியர் பாக்ஸைப் பின் சக்கரங்களுக்கு நடுவில் உள்ள டிஃபரன்ஷியலோடு இணைக்கும் நீளமான அலுமினியச் சட்டத்தைக் கழற்றும் முன் பெட்டிக்கு அடியில் ஜாக் கொடு, இல்லாவிட்டால் அது தொங்கிவிடும். 1.6க்கு 200 மி.மீ. பிளேட். 1.8 லிட்டர் எஞ்சினின் 215 மி.மீ. பிளேட்டைப் போட, அது அழுந்தி நிற்கும் ஃப்ளைவீல் சக்கரமும் 1.8இனுடையதாக இருக்க வேண்டும். கிளட்ச்சை அழுத்தி விடுவிக்கும் ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், எஞ்சினின் கிராங்க் தண்டின் பின் சீல் மூன்றையும் அதே சமயம் மாற்றிவிடு. புது பிளேட்டோடு பழைய ஸ்லேவை மட்டும் விட்டுவைக்காதே. பிளேட் தேயத் தேய ஸ்லேவின் பிஸ்டன் உள்ளே ஒதுங்கிப் போயிருக்கும். புது பிளேட் வந்ததும் அது வெளியே தள்ளி நின்று, இத்தனை நாள் உரசாமல் துருவேறிய பகுதியில் ஓடிச் சீலைக் கிழித்துவிடும்.

கம்பி நகர்ந்த அளவையும் ஸ்லேவின் ரப்பர் உறைக்குள் ஈரம் இருந்ததா என்பதையும் எழுது. அதைப் பார்த்து என்ன பார்ட்ஸ் வாங்க வேண்டும் என்று சொல்கிறேன். கராஜுக்கு அதுவரை பதில் சொல்லாதே.

அன்புடன்,
உன் நண்பன்